கண்ணுக்குப் பின்னால் ஒரு படலம்

அக்காவின் கண்ணுக்குள் வைத்த படலம் வேலை செய்கிறது என்பது முதலில் தெரிந்தது டி.வி. ரிமோட்டால்தான்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கண் டாக்டர் சொன்ன பயிற்சிகளை அக்கா ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தாள். ஜன்னல் எது, சுவர் எது என்பதைத் தாண்டி எதுவும் பிடிபடவில்லை. அன்று சோபாவில் சாய்ந்தபடி அத்தான் சேனல் மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“கையில என்ன வெச்சிருக்கீங்க? மினுக்கு மினுக்குன்னு எரியுதே.”

“ரிமோட்டு. இதுல எங்க விளக்கு இருக்கு?”

“அழுத்துங்க பார்ப்போம். ம், எரியுது. இப்பவும் எரியுது. இப்ப சும்மா பாவ்லா காட்டுறீங்க, அழுத்தல.”

அத்தான் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உடனே சின்னவளுக்குப் போன் போட்டு, “உங்க அக்காவுக்குக் கண்ணு வந்துடுச்சு, ஆனா கொஞ்சம் அதிகமாவே வந்துடுச்சு” என்றார்.

சின்னவள் ஆராய்ச்சிக்கூடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். ரிமோட்டின் முனையிலிருந்து வருவது சிவப்புக்கும் அப்பால் உள்ள ஒளி. மனிதக் கண் எதற்கும் அது எட்டாது. அவள் செய்த படலத்துக்கு எட்டும்.

சின்னவள் என்பது வீட்டில் வைத்த பெயர். ஐம்பதை நெருங்கியும் அது மாறவில்லை. அத்தானை விட்டால் அக்காவுக்கு அவள்தான் ஒரே உறவு. அவளுக்கு அக்காவும் அத்தானும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “நேரம் வரும்னு இருந்தேன், நேரம் வரலை” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

சூரிய ஒளியை மின்சாரமாக்கும் புதுப் பொருள்களைத் தேடுவதுதான் அவள் வேலை. படிப்பை முடித்த நாளிலிருந்து அதே வேலைதான். கூரைகளில் பார்க்கிறோமே சிலிக்கான் தகடுகள், அவற்றுக்கு மூலப்பொருளை உலையில் உருக்கி வளர்த்தாக வேண்டும். அவள் தேடியது மையைப் போல ஊற்றிப் பூசக்கூடிய ஒன்று. சுழலும் கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டு விடுவாள். அது விரிந்து மெல்லிய தோலாகப் படியும். சூடான தட்டில் வைத்ததும் வெளிறிக் கிடந்த தோல் கண்மூடித் திறப்பதற்குள் கருத்துவிடும். எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. கருக்கும் அந்த நொடியில் அவளுக்கு இன்னமும் உடம்பு ஒருமுறை சிலிர்க்கும்.

வெளிச்சத்தை விழுங்குவதில் அந்தப் பொருளுக்கு இணை கிடையாது. இரண்டு குறைகள்தான். அதில் ஈயம் இருந்தது. ஈரக்காற்று பட்டால் மஞ்சளாகிச் செத்துப்போகும். உலகமெங்கும் அந்தத் துறையில் இருந்தவர்கள் இதே இரண்டு சுவர்களில்தான் முட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் தகடுகள் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரமாக மஞ்சளாகும். கூட வேலை பார்த்தவர்கள் ‘மஞ்சள்காரி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர்களில் பலர் கம்பெனிகளுக்குப் போய்ச் செட்டிலாகிவிட்டார்கள். மஞ்சள்காரி மட்டும் ஈயத்தை எடுத்துவிட்டு வேறு உலோகங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் கிடைத்தது. ஆனால் அது கூரைக்கு ஆகாத பொருள். விரல்நகம் அளவுக்குச் செய்தால் அற்புதமாக இருக்கும், அதைவிடப் பெரிதாக்கினால் விரிசல் விடும். ஒரு கருத்தரங்கில் அவள் இதைப் பேசி முடித்ததும் யாரும் கேள்வி கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவளுக்குத் தெரியாத ஒருவர் வழிமறித்தார்.

“நான் கண் டாக்டர். இந்தப் படலத்தைத் தண்ணிக்குள்ள உயிரோட வெச்சிருக்க முடியுமா?”

“எவ்வளவு தண்ணி?”

“ஒரு கண்ணு அளவு.”

அக்காவைப் பற்றி அவள் அப்போது வாய் திறக்கவில்லை.

அக்கா வானொலியில் செய்தி வாசித்தவள். அவள் குரலைக் கேட்டுத்தான் அந்த ஊரில் பாதிப் பேர் காலையில் கடிகாரம் திருத்துவார்கள். கண்ணின் விழித்திரை நடுவிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வந்தது. முதலில் எழுத்துகள் போயின. எழுத்துகளோடு வேலையும் போயிற்று. அப்புறம் முகங்கள் போயின. கடைசியில் ஓரங்களும் போய், அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நிலைக்கு வந்துவிட்டாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. காய்கறிக் கடையில் ஏதாவது விலை கேட்டால் கடைக்காரர் எழுந்து நிற்பார்.

செத்துப்போன விழித்திரையின் பின்னால் படலத்தைச் செருகினால், உள்ளே விழும் வெளிச்சத்தை அது சின்னச் சின்ன மின்துடிப்பாக்கி உயிரோடிருக்கும் நரம்புக்குத் தரும். இதுதான் டாக்டரின் திட்டம். படலம் ஈரத்தில் மஞ்சளாகாமல் இருக்க மேலே வேறொரு பூச்சு கண்டுபிடித்து, விலங்குகளில் சோதித்து, அனுமதி வாங்கி, எல்லாம் முடியச் சின்னவளின் தலையில் பாதி நரைத்துவிட்டது. யார் யாருக்கு வைப்பது என்ற தேர்வில் அவள் தலையிடவில்லை. முதலில் ஒரு தையல்காரருக்கு வைத்தார்கள். இரண்டாவதாக அக்காவுக்கு.

ரிமோட் வெளிச்சத்துக்குப் பிறகு அக்கா வேகமாகத் தேறினாள். உலகம் அவளுக்குச் சாம்பல் புள்ளிகளாகத்தான் தெரிந்தது. ஆனால் வாசல் தெரிந்தது, தம்ளர் தெரிந்தது, அத்தானின் தொப்பை தெரிந்தது. “எனக்குக் கண்ணு போனப்ப இவ்வளவு இல்லையே” என்றாள். தெருமுனையிலிருந்த காவல் கேமராவைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதாகச் சொன்னாள். அதிலும் சிவப்புக்கு அப்பாலுள்ள விளக்குகள் உண்டு. சின்னவள் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னாள். சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் கதவைத் திறந்தார். அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

“வா, வா. கூட வந்தவங்களை ஏன் வாசல்லயே நிக்க வெச்சிருக்கே? உள்ள வரச் சொல்லு.”

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்தபடி இருந்தது. வெளியே மாடிப்படி வெயிலில் வெறுமனே கிடந்தது.

“யாரும் வரலியே. நான் மட்டும்தான்.”

“அப்ப அது யாரு? பொம்பளை. உன்னைவிட உயரம்.”

அத்தான் வெளியே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். “லிஃப்ட்டுல வந்திருந்தா எனக்குத் தெரியாம வந்திருக்க முடியாதே” என்றார்.

அக்கா சிரித்தாள். பிறகு தன் பழைய செய்திக் குரலை எடுத்துக்கொண்டு, “சற்று முன் கிடைத்த தகவலின்படி, அந்தப் பெண்மணி வீட்டுக்குள் நுழைந்து என் தங்கையின் பின்னால் வந்து நிற்கிறார்” என்றாள்.

மூவரும் சிரித்தார்கள். சின்னவள்தான் முதலில் நிறுத்தினாள்.

“அக்கா, தலையை அசைக்காம கண்ணை மட்டும் இந்தப் பக்கம் கொண்டு வா. அந்த உருவமும் கூடவே வருதா?”

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. படலத்தில் கீறலோ கறையோ இருந்தால், மூக்குக்கண்ணாடியில் ஒட்டிய தூசி மாதிரி அது பார்வையோடு சேர்ந்து நகரும். பார்க்கும் இடத்திலெல்லாம் இருக்கும்.

“வரலை. இந்தப் பக்கம் பார்த்தா அவ இல்ல. திரும்பிப் பார்த்தா அங்கேயே நிக்கிறா.”

“எங்க?”

“அதான் சொன்னேனே. உன் பின்னாடி.”

கண் டாக்டரிடம் கேட்டபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. பார்வை போனவர்களுக்கு மூளை தானாக உருவங்களைப் படைத்துக் காட்டுவது உண்டு. தொப்பி போட்ட ஆட்கள், குழந்தைகள், தோட்டங்கள். பயப்பட ஒன்றுமில்லை, போகப் போகச் சரியாகிவிடும். சின்னவளுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுவாரம் அக்கா, “இன்னிக்கும் கூட்டிட்டு வந்திருக்கியா?” என்று கேட்டபோது அவளும் சிரித்துக்கொண்டே “ஆமா” என்றாள்.

ஆனால் அவள் இயற்பியல்காரி. மனசு ஓரிடத்தில் முள்ளாகக் குத்தினால் அதைப் பிடுங்கிப் பார்க்காமல் இருக்க முடியாது. மூளை படைக்கும் உருவத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. அப்படியானால் வெளிச்சத்தை மறைத்தாலும் அந்தப் பெண் தெரிய வேண்டும்.

அக்காவுக்குக் கொடுத்திருந்த பெரிய மூக்குக்கண்ணாடியில் வடிகட்டிச் சில்லுகளைச் செருகும் வசதி இருந்தது. சின்னவள் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இரண்டு சில்லுகள் செய்தாள். ஒன்று எல்லா ஒளியையும் விடும். இன்னொன்று சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளியை மட்டும் தடுக்கும். மருத்துவமனையின் மேல்மாடி அறையில், ஜன்னல் நிறைய வெயில் இருக்கும்போது, அக்காவை உட்காரவைத்து எதிரே தானும் உட்கார்ந்தாள். எந்தச் சில்லு செருகியிருக்கிறது என்பது டாக்டருக்கு மட்டும் தெரியும்.

“தெரியறா,” என்றாள் அக்கா. டாக்டர் சில்லைக் கழற்றி அதையே திரும்பச் செருகினார். “தெரியறா.” இந்தத் தடவை மாற்றினார். “இப்ப இல்ல. நீ தெரியறே, ஜன்னல் தெரியுது, அவ இல்ல.” மறுபடி. “ஆங், வந்துட்டா.”

இப்படி மாற்றியும் மாற்றாமலும் டாக்டர் பலமுறை செய்து பார்த்தார். அக்கா ஒருமுறை கூடத் தவறவில்லை. கடைசியில் அவர் இரண்டு சில்லுகளையும் பெட்டியில் போட்டு மூடினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், திரும்ப வைத்துக்கொண்டார்.

“இதை நான் எங்கேயும் எழுதப் போறதில்ல மேடம்,” என்றார். “நீங்களும் எழுதாதீங்க.”

அதாவது, அந்தப் பெண்ணிடமிருந்து ஒளி வருகிறது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்த மற்ற உணர்கருவிகளை எல்லாம் சின்னவள் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் எதுவும் பதியவில்லை.

அந்த மாதத்தில்தான் தையல்காரர் பரிசோதனைக்கு வந்தார். அவருக்குத் துணி வெட்டும் அளவுக்குப் பார்வை வந்திருக்கவில்லை. ஊசியில் நூல் கோக்கும் ஆசையும் விடவில்லை. சளசளவென்று பேசுவார். டாக்டர் அடுத்த அறைக்குப் போயிருந்த நேரம், சின்னவள் அவர் கண்ணாடியின் திருகைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“உங்ககூட எப்பவும் வர்ற அம்மா ஏன் வாயே திறக்க மாட்டேங்கறாங்க? நானும் ஒவ்வொரு தடவையும் வணக்கம் சொல்றேன்.”

சின்னவளின் கையிலிருந்த திருகு கீழே விழுந்து உருண்டது. அவள் குனிந்து தேடவில்லை.

“எப்படி இருப்பாங்க அவங்க?”

“முகம் எனக்கு அவ்வளவா பிடிபடலை. உடம்பு வாகு தெரியும். அது நம்ம தொழிலாச்சே. வலது தோள் இறக்கம். நாள் முழுக்க பை மாட்டினவங்களுக்கு இறங்குமே, அந்த மாதிரி. அந்தத் தோளுக்குச் சட்டை வெட்டுறது கஷ்டம். கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருக்காங்க.”

வலது தோள் இறக்கத்தையும் மடித்துவிட்ட கையையும் அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அக்காவும் தையல்காரரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, பேசியதில்லை.

“நான் இல்லாத நாள்ல அவங்களைப் பார்த்திருக்கீங்களா?”

தையல்காரர் அவள் ஏதோ வேடிக்கையாகக் கேட்டதுபோலச் சிரித்தார். “நீங்க இல்லாதப்ப அவங்க எதுக்கு வரப்போறாங்க?”

அன்று வீட்டுக்குப் போனதும் சின்னவள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். தன் வீட்டை முதன்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரு கட்டில். ஒரு மேசை. விருந்தாளிக்கென்று வாங்கி, புத்தகம் அடுக்கி வைத்த இன்னொரு நாற்காலி. இத்தனை வருஷம் ஒற்றையாளாக இருந்த வீடு. துணி மாற்றும்போது, கண்ணாடி முன்னால் நரையைப் பார்த்துக்கொள்ளும்போது, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்ளும்போதெல்லாம் யாரோ பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் அவள் வீட்டில் வாய்விட்டுப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வேலையிலும் கஷ்டம்தான். படலங்களைச் செய்வது நைட்ரஜன் நிரப்பிய ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள். பெட்டியின் முகப்பில் கறுப்பு ரப்பர் கையுறைகள் பொருத்தியிருக்கும். தோள் வரைக்கும் கைகளை உள்ளே விட்டுக்கொண்டு, முகத்தைக் கண்ணாடிக்கு அருகில் வைத்து வேலை செய்ய வேண்டும். அந்த நிலையில் நினைத்தவுடனே திரும்ப முடியாது. இருபது வருஷமாக நாள் முழுக்க அப்படி நின்றவளுக்கு இப்போது கொஞ்ச நேரம் நிற்க முடியவில்லை. பிடரியில் ஏதோ ஊர்வது போலிருக்கும். கைகளை உருவிக்கொண்டு திரும்புவாள். சுவர், வாஷ்பேசின், மாட்டியிருக்கும் வெள்ளைக் கோட்டு. அவ்வளவுதான்.

அவள் வேறொரு வழி யோசித்தாள். அக்காவின் கண்ணுக்குள் இருக்கும் அதே படலத்தை வைத்து ஒரு கேமரா செய்தாள். படலம் பார்ப்பதைத் திரையில் நாமும் பார்க்கலாம். அதைச் செய்து முடித்ததும் அக்காவையும் அத்தானையும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வரச் சொன்னாள். கேமராவைத் தன் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, திரையின் முன்னால் உட்கார்ந்தாள்.

திரையில் வெறும் சுவர்தான் தெரிந்தது.

“பாரு அக்கா, அங்க ஒண்ணுமே இல்ல,” என்றாள். அவள் குரலில் பல மாதம் கழித்துக் கிடைத்த நிம்மதி இருந்தது.

அக்கா கதவருகே நின்றிருந்தாள்.

“அது எந்தப் பக்கம் பார்க்குது?”

“பின்னாடி. அங்கதானே நிப்பான்னு சொன்னே?”

“இப்ப அங்க இல்லடா. உன் பக்கத்துல குனிஞ்சு, உன்கூடச் சேர்ந்து திரையைப் பார்த்துக்கிட்டு இருக்கா.”

அத்தான் அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சின்னவள் கேமராவைத் தன்னை நோக்கித் திருப்பினாள். திரையில் அவள் மட்டும் தெரிந்தாள். வெளிறி, வாய் பாதி திறந்து. “நகர்ந்துட்டா,” என்றாள் அக்கா. மறுபடி திருப்பினாள். “இப்ப அந்தப் பக்கம்.” கேமராவை அவள் எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் அந்தப் பெண் அவசரமே இல்லாமல் அதன் பின்பக்கத்துக்கு நடந்து போனாள்.

“விளையாடுறாளா?” என்று அத்தான் மெதுவாகக் கேட்டார்.

“தெரியலைங்க. முகத்துல சிரிப்பு ஒண்ணும் இல்ல.”

சின்னவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கேமராவின் மின்சாரத்தைப் பிடுங்கினாள். “போதும். டாக்டர்கிட்ட பேசிட்டேன். ரெண்டு பேருக்கும் படலத்தை எடுத்துடலாம். இந்த ஆராய்ச்சியே வேண்டாம். நான் எங்கேயாவது காலேஜ்ல பாடம் சொல்லிக்கொடுத்துட்டுப் போறேன்.”

“யாரைக் கேட்டு எடுக்கறே?”

“அக்கா, உனக்குப் புரியலையா? எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்குப் பயமா இல்ல.” அக்கா தடவித் தடவி நடந்துவந்து அவள் எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். “முதல்ல இருந்துச்சு. ராத்திரி அவர்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதிருக்கேன், கேட்டுப் பாரு. அப்புறம் ஒரு நாள் நீ எங்க வீட்டுல தூங்கிட்டே. சோபாவிலயே. நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவ உன் காலடியில நின்னு உன் கையையே பார்த்துக்கிட்டு இருந்தா. எப்பவும் உன் கையைத்தான் பார்ப்பா. நீ எதையாவது எடுத்தா அவ விரலும் அதே மாதிரி அசையும், கத்துக்கற மாதிரி. அன்னிக்கு நீ தூங்கினதால கை சும்மா கிடந்துச்சு. அவளும் கையைத் தொங்கப்போட்டுக்கிட்டு சும்மா நின்னா. எவ்வளவு நேரம்? நீ எழுந்திருக்கற வரைக்கும்.”

“இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு?”

“வீட்டுக்குப் போனா உனக்கு யாருமே இல்லையேன்னு நினைச்சு நினைச்சு மருகுவேன். இப்ப அந்த மருகல் இல்ல. அவ நல்லவளா கெட்டவளா தெரியாது. ஆனா இருக்கா.”

சின்னவள் பிடுங்கிய மின்கம்பியைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். பிறகு, இத்தனை நாள் கேட்கப் பயந்ததைக் கேட்டாள். “முகம் எப்படி இருக்கும்?”

“அது வேண்டாம்.”

“நமக்குத் தெரிஞ்ச யாராவதா? சொல்லு.”

“சொன்னா நீ எல்லாக் கண்ணாடியிலயும் அந்த முகத்தைத் தேடுவே. வேண்டாம், விடு.”

எவ்வளவு கெஞ்சியும் அக்கா சொல்லவில்லை. தெரிந்த முகமா இல்லையா என்பதைக்கூடச் சொல்லவில்லை.

படலத்தை எடுக்கும் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் படலம் தானாகவே அந்த முடிவுக்கு வந்தது. மேல்பூச்சு எவ்வளவு நல்லதானாலும் கண்ணுக்குள் இருக்கும் ஈரம் அதைவிடப் பொறுமையானது. முதலில் தையல்காரருக்கு மங்க ஆரம்பித்தது. டாக்டர் விழிக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சின்னவளைக் கூப்பிட்டார். அவள் உருப்பெருக்கியில் கண்ணை வைத்தாள். படலத்தின் ஓரத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்த மஞ்சள்.

தையல்காரருக்கு எடுத்துவிட்டார்கள். அவர் வருத்தப்படவில்லை. “கொஞ்ச காலம் பார்த்தேனே, அது போதும். புதுசு வந்தா கூப்பிடுங்க” என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, சின்னவளின் வலது பக்கமாகத் திரும்பி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அவர் கண்ணுக்கு அப்போது ஒன்றுமே தெரியவில்லை. பழக்கத்தில் செய்தார்.

அக்காவுக்கு அது இன்னும் மெதுவாக நடந்தது. தம்ளர் போயிற்று. ஜன்னல் போயிற்று. அத்தானும் போனார். “திரும்பவும் இளைச்சுட்டீங்க” என்று அவரிடம் சொன்னாள். ஒரு நாள் சின்னவள் போய் எதிரில் உட்கார்ந்தபோது அக்கா, “நீ வந்திருக்கே, இல்ல?” என்றாள்.

“தெரியுதா?”

“நீ தெரியலை. அவ தெரியறா. அதை வெச்சுத்தான் சொல்றேன்.”

“மங்கலா இருக்காளா?”

“இல்ல,” என்றாள் அக்கா. “எல்லாம் இருட்டு. அவ மட்டும் அப்படியே இருக்கா.”

செத்துப்போன படலத்தைக் கண்ணுக்குள் விட்டுவைக்கக் கூடாது, சீழ் பிடிக்கும் என்றார் டாக்டர். எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம். புதிய படலத்தின் வேலையும் முடிந்திருந்தது. நிறையப் பேர் காத்திருந்தார்கள். டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளி இனி உள்ளே போகக் கூடாது. அதைத் தடுக்கும் பூச்சையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அவர் சொன்னது நியாயம்தான். கண் கேட்டு வருகிறவர்களுக்குக் கண்ணை மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

சின்னவள் அந்தப் பூச்சைச் செய்தாள். கையுறைகளுக்குள் கைவிட்டு, பழையபடி நாள் முழுக்க நின்று செய்தாள். இந்த முறை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. படலம் கருக்கும் ஒவ்வொரு முறையும், பக்கத்தில் நிற்பவளுக்கும் தெரியட்டும் என்பதுபோல, கையைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள். எதற்காக அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

அறுவை சிகிச்சை நாளன்று காலையில் அக்காவைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்தார்கள். சின்னவள் உள்ளே வர அனுமதி வாங்கி, பச்சை உடுப்பும் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ உள்ள வராத,” என்றாள் அக்கா.

“ஏன்?”

“நீ வந்தா அவளும் வருவா. கத்தி, ரத்தம்னு அதையெல்லாம் அவ பார்க்க வேண்டாம். ரெண்டு பேரும் வெளியவே இருங்க.” அக்கா கையை நீட்டினாள். சின்னவள் பிடித்துக்கொண்டாள். அக்காவின் கண்கள் அவள் முகத்தில் இல்லை. அதற்குச் சற்று மேலே, வலது பக்கமாக நின்றன. “இனிமே அவ இருக்காளா இல்லையான்னு உனக்குச் சொல்ல யாரும் இருக்க மாட்டாங்களே. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.”

“பரவால்ல விடுக்கா.”

“பேசிப் பாரு அவகிட்ட. பதில் வராது. ஆனா பேசு.”

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு இரண்டு தடவை ஆடி அடங்கியது. அத்தான் டீ வாங்கக் கீழே போயிருந்தார். நடைவழியில் வரிசையாகப் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். பத்து மணி வெயில் ஜன்னல்கள் வழியாக வந்து தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. சின்னவள் ஒரு பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறை போட்டுப் போட்டு விரல்நுனி எல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவற்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

“ஒரு மணி நேரம் ஆகும்னு சொன்னாங்க,” என்றாள், மெதுவாக, யாரையும் பார்க்காமல். பிறகு பெஞ்சின் இடது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

கூட்டம் சேர ஆரம்பித்தது. கையில் பிளாஸ்க்கும் தோளில் பையுமாக ஒரு பெண் உட்கார இடம் தேடிக்கொண்டே வந்தாள். சின்னவளின் பெஞ்சு அருகே வந்து பையை இறக்கப் போனவள், மரியாதைக்காக நின்று கேட்டாள்.

“இங்க ஆள் இருக்கா?”

சின்னவள் பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

“இருக்கு,” என்றாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, பையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு, அடுத்த பெஞ்சுக்குப் போனாள்.